காந்தச் சுருளுக்கு எந்த மீக்கடத்தி? புலத்தில் ஒவ்வொரு கம்பியும் நடந்துகொள்ளும் விதம்

மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்துவதுதான் மீக்கடத்துதிறன். 92 கெல்வினிலேயே மீக்கடத்தும் டேப் இன்று விலைக்குக் கிடைக்கிறது. இருந்தும், உலகெங்கும் மருத்துவமனைகளில் ஓடும் எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் மிகப் பெரும்பாலானவை நயோபியம்-டைட்டேனியம் கம்பியில்தான் சுற்றப்பட்டிருக்கின்றன. 9 கெல்வினைத் தாண்டினாலே அந்தக் கம்பி மீக்கடத்துதிறனை இழந்துவிடும். மீக்கடத்துதிறன் மறையும் வெப்பநிலையை, அதாவது மாறுநிலை வெப்பநிலையை, முதலில் பார்த்துக் கம்பி தேடுபவர்களுக்கு இது புதிராகத் தெரியும். காந்தம் சுற்றுபவர்கள் பார்க்கும் எண்கள் வேறு: கம்பியின் மேல் விழும் அதிகபட்சப் புலம் எவ்வளவு, அது எந்தக் கோணத்தில் விழுகிறது, அந்தப் புலத்திலும் இயக்க வெப்பநிலையிலும் கம்பி எத்தனை ஆம்பியர் சுமக்கும், புலம் நிலையாக நிற்குமா அடிக்கடி ஏறி இறங்குமா. இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால் தேர்வு பெரும்பாலும் தானாகவே குறுகிவிடும்.

கம்பியின் மேல் விழும் புலம் என்று குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. மையத்தில் 5 டெஸ்லா கேட்கும் சுருளில், உள் அடுக்குக் கம்பியின் மேல் அதைவிடக் கூடுதலான புலம் இருக்கும். எவ்வளவு கூடுதல் என்பது சுருளின் நீளம், தடிமன் இரண்டையும் பொறுத்தது. குட்டையான, தடித்த சுருளில் வித்தியாசம் பெரிது. மையப் புலத்தை வைத்துக் கம்பி வாங்கினால் கணக்கு அங்கேயே பிசகிவிடும்.

முதல் வகை: காந்தத்துக்கு ஆகாது, கவசத்துக்கு ஆகும்

ஈயம், வெள்ளீயம், பாதரசம், இண்டியம் போன்ற தூய உலோகங்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. ஒரு வரம்பு வரை காந்தப்புலத்தை உள்ளே விடாமல் முழுக்க வெளியே தள்ளும். 1933-இல் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டறிந்தது இதைத்தான். வரம்பைத் தாண்டியதும் மீக்கடத்துதிறன் ஒரேயடியாகப் போய்விடும். ஈயத்துக்கு அந்த வரம்பு தனிச்சுழியை ஒட்டி 0.08 டெஸ்லா. வெப்பநிலை ஏற ஏற அது இருபடி விகிதத்தில் குறையும். ஈயத்தின் மாறுநிலை வெப்பநிலை 7.2 கெல்வின் என்பதால், 4.2 கெல்வின் திரவ ஹீலியத்தில் மிஞ்சுவது சுமார் 0.053 டெஸ்லா. சாதாரண நியோடிமியம் காந்தத்தின் முகப்பில்கூட இதைப் போலப் பல மடங்கு புலம் இருக்கும்.

மின்னோட்டத்துக்கும் இதே வரம்புதான். 1 மி.மீ. விட்டமுள்ள ஈயக் கம்பியில் 4.2 கெல்வினில் சுமார் 130 ஆம்பியர் ஓடினால், கம்பி தன் மேற்பரப்பில் தானே உண்டாக்கும் புலம் 0.053 டெஸ்லாவைத் தொட்டுவிடும். கம்பியைத் தடியாக்கியும் பெரிய பயனில்லை. மின்னோட்டம் தோலை ஒட்டி மட்டுமே ஓடுவதால், விட்டத்தை இரட்டிப்பாக்கினால் ஆம்பியரும் இரட்டிப்பாகும், அவ்வளவே. உலோகமோ நான்கு மடங்கு செலவாகும். 1911-இல் மீக்கடத்துதிறனைக் கண்டுபிடித்த கமர்லிங் ஆன்னஸ், 1913-இல் 10 டெஸ்லா காந்தம் கட்டலாம் என்று நம்பினார். அந்த நம்பிக்கை ஈயச் சுருளில் உடைந்தது இதனால்தான்.

கவசமாக ஈயம் இன்றும் நல்ல தேர்வு. மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் ஸ்க்விட் உணரிகளைச் சுற்றி ஈயக் குடுவை வைப்பது வழக்கம். இதில் அடிக்கடி நடக்கும் பிழை குளிர்விக்கும் வரிசையில் இருக்கிறது. பூமியின் புலத்திலேயே குளிர்வித்தால், குடுவையின் ஓட்டைகள், மடிப்புகள் வழியாகப் புலத்தின் ஒரு பகுதி உள்ளேயே சிக்கி உறைந்துவிடும். வெளியே மியூ-மெட்டல் (புலத்தைத் தன் வழியே திருப்பிவிடும் நிக்கல்-இரும்புக் கலவை) உறை போட்டுப் புலத்தைக் குறைத்த பிறகே 7.2 கெல்வினுக்குக் கீழே இறக்க வேண்டும். வடிவமும் முக்கியம்: புலத்துக்குச் செங்குத்தாக நிற்கும் தட்டையான தகட்டின் விளிம்பில் புலம் குவிவதால், 0.053 டெஸ்லாவுக்கு வெகு முன்பே புலம் உள்ளே நுழைந்துவிடும். கோளத்தில் வரம்பின் மூன்றில் இரண்டு பங்கிலேயே நுழையும். புலத்துக்கு இணையான நீள உருளைதான் முழு வரம்பையும் தரும்.

தூய நயோபியம் வரையறைப்படி இரண்டாம் வகை, ஆனால் எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் நிற்பது. துகள்முடுக்கிகளின் ரேடியோ அலைக் குழிகளில் அதைப் புலம் நுழையாத நிலையிலேயே வைத்து இயக்குகிறார்கள். ஹாம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய எக்ஸ்-எஃப்.இ.எல். முடுக்கியில் 1.3 கிகாஹெர்ட்ஸ் குழிகள் 2 கெல்வினில் ஓடுகின்றன. அங்கே ஒரு மைக்ரோடெஸ்லா புலம் முழுதும் சுவரில் சிக்கினால் மேற்பரப்புத் தடை சுமார் 3 நானோ ஓம் கூடும். 2 கெல்வினில் நயோபியத்தின் இயல்பான தடையே 10 நானோ ஓமை ஒட்டித்தான். பூமியின் புலம் 40 மைக்ரோடெஸ்லா அப்படியே சிக்கினால் வெப்பச் சுமை பத்து மடங்குக்கு மேல் எகிறிவிடும். இந்தத் துறையில் கவசத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

இரண்டாம் வகை: புலத்தை உள்ளே விட்டுச் சமாளிப்பது

இரண்டாம் வகையில் இரண்டு வரம்புகள் உண்டு. முதல் வரம்பு சில பத்து மில்லிடெஸ்லா அளவில் இருக்கும். அதுவரை புலம் உள்ளே வராது. அதைத் தாண்டியதும் புலம் மெல்லிய சுழல்களாக உள்ளே நுழையும். ஒவ்வொரு சுழலும் சரியாக ஒரு பாயக் குவாண்டத்தைத் தாங்கும், அதாவது 2.07 × 10⁻¹⁵ வெபர். 1957-இல் அப்ரிகோசோவ் கணக்கிட்டுக் காட்டிய நிலை இது. அதற்காக 2003-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுழல்கள் ஒன்றோடொன்று நெருங்கி மீக்கடத்தும் இடமே இல்லாமல் போகும் புலம்தான் இரண்டாம் வரம்பு. 5 டெஸ்லாவில் ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 240 கோடி சுழல்கள், பக்கத்துச் சுழலுக்கு 22 நானோமீட்டர் தூரம்.

மின்னோட்டம் ஓடும்போது ஒவ்வொரு சுழலின் மேலும் பக்கவாட்டு விசை விழும். சுழல் நகர்ந்தால் மின்னழுத்தம் உண்டாகும், வெப்பம் உண்டாகும். குறையே இல்லாத, மிகத் தூய்மையான இரண்டாம் வகைப் படிகம் இதனால் காந்தத்துக்கு உதவாது: இரண்டாம் வரம்பு 20 டெஸ்லாவாக இருந்தாலும், சிறு மின்னோட்டத்துக்கே சுழல்கள் நழுவிவிடும். சுழலைப் பிடித்து நிறுத்தும் குறைகளை வேண்டுமென்றே உள்ளே வைப்பதுதான் கம்பி செய்யும் கலை. பின்னிங் என்று துறையில் சொல்வது இதைத்தான். பின்னிங் முற்றிலும் தோற்றுப்போகும் புலத்துக்கு மீளாப்புலம் என்று பெயர். கம்பியை ஒப்பிடும்போது இரண்டாம் வரம்பைக் காட்டிலும் மீளாப்புலமே பயன்படும் எண். குறை வெப்பநிலைக் கம்பிகளில் இரண்டும் அருகருகே இருக்கும். உயர் வெப்பநிலைக் கம்பிகளில் இரண்டுக்கும் நடுவே பெரும் பள்ளம் இருக்கலாம்.

நயோபியம்-டைட்டேனியம்: 9 டெஸ்லாவுக்குள் வேறெதையும் தேடாதீர்கள்

எடையில் 47 சதவீதம் டைட்டேனியம் கலந்த இந்தக் கலவை இழுவைத்தன்மை உள்ளது. தாமிரத்தோடு சேர்த்துக் கம்பியாக இழுக்கலாம், முடிச்சுப் போடலாம், கையால் சுற்றலாம். மாறி மாறிச் சூடாக்கியும் இழுத்தும் டைட்டேனியம் செறிந்த சில நானோமீட்டர் தடிமனுள்ள படிவுகளை உள்ளே உருவாக்குகிறார்கள். அவைதான் சுழல்களைப் பிடிக்கின்றன. நல்ல கம்பி 4.2 கெல்வினில் 5 டெஸ்லாவில் மீக்கடத்தியின் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3,000 ஆம்பியர் தரும், 8 டெஸ்லாவில் 1,000 ஆம்பியரை ஒட்டி இறங்கிவிடும், 10.5 டெஸ்லாவுக்கு மேல் ஒன்றுமில்லை. ஹீலியத்தை 1.9 கெல்வினுக்கு இறக்கினால் இந்தக் கோடு முழுவதும் ஏறக்குறைய 3 டெஸ்லா மேலே நகரும்.

ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி. துகள்முடுக்கி இந்த நகர்வை நம்பியே கட்டப்பட்டது. 1,232 இருமுனைக் காந்தங்கள், ஒவ்வொன்றிலும் 11,850 ஆம்பியர், 8.33 டெஸ்லா, 1.9 கெல்வின். நயோபியம்-டைட்டேனியத்தைப் பெரிய அளவில் கொண்டுபோகக்கூடிய எல்லைக்கு அருகில் அது நிற்கிறது. அந்தக் கம்பிக்குள் இருக்கும் இழைகள் 6, 7 மைக்ரோமீட்டர் மட்டுமே. புலம் ஏறும்போது ஒவ்வொரு இழையிலும் சுற்றோட்டம் உண்டாகிப் புலத்தைக் கோணலாக்கும். அந்தக் கோணல் இழையின் விட்டத்துக்கு நேர் விகிதம். இழை தடித்தால், 50 மைக்ரோமீட்டரை எட்டும்போதே சுழல்கள் கும்பலாக ஒரே நேரத்தில் உள்ளே பாயும் அபாயமும் வந்துவிடும். காந்திநகரிலுள்ள எஸ்.எஸ்.டி-1 டோகமாக்கின் (அணுக்கரு இணைவு ஆய்வுக் கருவி) 16 டொராய்டல் சுருள்களும் இதே கலவையில் ஆனவைதான்.

இதன் பலவீனம் வெப்ப இடைவெளி. 4.2 கெல்வினில் 6 டெஸ்லாவில் ஓடும் சுருளுக்கு ஒன்றோ ஒன்றரையோ கெல்வின்தான் மிச்சம் இருக்கும். அந்தக் குளிரில் தாமிரத்தின் தன்வெப்பம் ஒரு கிலோவுக்கு, ஒரு கெல்வினுக்கு வெறும் 0.1 ஜூல் என்பதால், கம்பி ஒரு முடியளவு நகர்ந்து உரசினாலோ, சுற்றுகளை இறுக்கும் எபாக்ஸிப் பிசினில் ஒரு கீறல் விழுந்தாலோ அந்த இடம் வரம்பைத் தாண்டிவிடும். அங்கே தொடங்கும் வெப்பம் வினாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் பரவி, சுருள் முழுவதும் சாதாரண நிலைக்குத் திரும்பும். இதுதான் க்வென்ச். புதுச் சுருள் முதல் சில ஏற்றங்களில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மின்னோட்டத்தில் க்வென்ச் ஆவதும், ஒவ்வொரு தடவையும் சற்று மேலே போவதும் இயல்பு. சுற்றும்போது இழுவிசையைச் சீராக வைப்பதும், வெற்றிடத்தில் எபாக்ஸி ஏற்றுவதும் அந்தத் தடவைகளைக் குறைக்கும். சுமைக்கோடு, அதாவது மின்னோட்டத்தோடு சேர்ந்து ஏறும் புலத்தின் கோடு, கம்பியின் வரம்பைத் தொடும் மின்னோட்டத்தில் 70 முதல் 80 சதவீதத்துக்குள் இயக்க மின்னோட்டத்தை நிறுத்துவது நல்லது.

இதற்கு ஈடாகக் கிடைப்பது இணைப்பு. நயோபியம்-டைட்டேனியத்தில் 10⁻¹² ஓமுக்கும் கீழே இணைப்புப் போட முடியும். மின்வழங்கியைக் கழற்றிவிட்டு ஆண்டுக்கணக்கில் புலம் அப்படியே நிற்கும். எம்.ஆர்.ஐ.க்கு இது உயிர்நாடி; மற்றக் கம்பிகளில் இவ்வளவு எளிதாக இது அமைவதில்லை.

நயோபியம்-டின்: 9-லிருந்து 23 வரை, உடையாமல் பார்த்துக்கொண்டால்

நயோபியமும் டின்னும் (வெள்ளீயம்) சேர்ந்த இந்தச் சேர்மத்தின் மாறுநிலை வெப்பநிலை 18 கெல்வின். டைட்டேனியமோ டான்டலமோ சிறிது சேர்த்த கம்பிக்கு 4.2 கெல்வினில் இரண்டாம் வரம்பு 25 டெஸ்லாவுக்கு மேல். 1961-இல் குன்ஸ்லர் குழு 8.8 டெஸ்லாவிலும் இது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் ஆம்பியர் சுமப்பதைக் காட்டியபோதுதான் மீக்கடத்திக் காந்தத் தொழில் பிறந்தது. இன்றைய நல்ல கம்பி 12 டெஸ்லாவில் சதுர மில்லிமீட்டருக்கு 3,000 ஆம்பியர் அளவில் தருகிறது. இதில் பின்னிங் வேலையைச் செய்பவை படிகமணிகளின் எல்லைகள். மணி பெருத்தால் எல்லை குறையும், மின்னோட்டமும் குறையும். வெப்பப் பதத்தில் அவசரமும் அலட்சியமும் கூடாது என்பது இங்கிருந்தே வருகிறது.

பீங்கானைப் போல நொறுங்கும் பொருள் என்பதால், வினைபுரியாத நயோபியமும் டின்னும் உள்ளே இருக்கும் நிலையில் முதலில் சுற்றிவிட்டு, பிறகு சுருளையே உலையில் வைப்பார்கள். எல்.எச்.சி.யின் மேம்பாட்டுக்கான நான்முனைக் காந்தங்களில் பின்பற்றும் வரிசை ஏறத்தாழ இப்படி: ஆர்கான் வாயுவில் 210 டிகிரி செல்சியஸில் 48 மணி, 400-இல் 48 மணி, 665-ஐ ஒட்டி 50 மணி. முதல் இரண்டு படிகள் டின் தாமிரத்தோடு நிதானமாகக் கலப்பதற்கு. அவற்றைச் சுருக்கினால் உருகிய டின் உறையைப் பிளந்துகொண்டு வெளியே கசியும். கடைசிப் படியை நீட்டினால் டின் தடுப்பு அடுக்கைத் தாண்டித் தாமிரத்தைக் கெடுக்கும். தாமிரம் கெட்டால் க்வென்ச் நேரத்தில் மின்னோட்டத்துக்கு ஒதுங்க இடமிருக்காது. கண்ணாடி இழை உறையின் மேல் பூசிய கரிமப் பசையை முன்பே எரித்து நீக்காவிட்டால், உலையில் அது கரியாகிச் சுற்றுகளுக்கு நடுவே கசிவு உண்டாக்கும். வினையின்போது கம்பி சற்று ஊதும். அச்சில் அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

உலையிலிருந்து வந்த சுருளைத் தொடவே யோசிக்க வேண்டும். எபாக்ஸி ஏற்றும்வரை முனைக் கம்பிகளைத் தாங்கு இல்லாமல் விடக் கூடாது. இணைப்பு முனையை ஒருமுறை தவறுதலாக வளைத்தாலே அந்த இடத்தில் நிரந்தரமாக மின்னோட்டம் குறையும். கம்பிவடத்தின் மேல் விழும் குறுக்கு அழுத்தம் 150 முதல் 200 மெகாபாஸ்கலைத் தாண்டினால் சேதம். ஐட்டர் இணைவு உலையின் மைய சோலினாய்டுக்கான வடங்களைச் சுவிட்சர்லாந்தின் சுல்தான் சோதனைக் கூடத்தில் பல்லாயிரம் முறை ஏற்றி இறக்கியபோது செயல்திறன் படிப்படியாகக் குறைந்தது. இழைகளை இன்னும் குறுகிய முறுக்கில் முறுக்கிய பிறகே அது நின்றது. அங்கே கம்பியின் வேதியியலில் எதையும் மாற்றவில்லை. வளைந்து நொறுங்காமல் ஒன்றையொன்று தாங்கும்படி இழைகளை அடுக்கியது மட்டுமே தீர்வு.

தனியாக இதன் உச்சம் 2009-இல் லியோனில் நிறுவிய 1 கிகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) காந்தத்தில் தெரிந்தது: 23.5 டெஸ்லா. அதற்கு மேல் வேண்டுமானால் பிஸ்மத் கம்பி, ரெப்கோ போன்ற தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளிடம்தான் போக வேண்டும்.

மெக்னீசியம் டைபோரைடு: தாழ்ந்த புலம், 20 கெல்வின்

2001-இல் ஜப்பானில் அகிமிட்சு குழு கண்டறிந்தது, மாறுநிலை வெப்பநிலை 39 கெல்வின். மூலப்பொருள் மலிவு, உருண்டைக் கம்பியாகவே செய்யலாம், படிகமணி எல்லைகள் மின்னோட்டத்தைத் தடுப்பதில்லை. ஆனால் 20 கெல்வினில் புலம் 1, 2 டெஸ்லா வரைதான் சௌகரியம். 4, 5 டெஸ்லாவில் கை விட்டுவிடும். எனவே 0.5 டெஸ்லா திறந்த எம்.ஆர்.ஐ. போன்ற ஹீலியமில்லாக் காந்தங்களுக்கும், வெளிப்புலம் இல்லாத வடங்களுக்கும் பொருத்தம். செர்னில் எல்.எச்.சி. மேம்பாட்டின் புதிய காந்தங்களுக்கு மின்னோட்டம் கொண்டுபோகும் வடங்கள் இதில்தான் செய்யப்பட்டு, குளிர்ந்த ஹீலியம் வாயுவில் 25 கெல்வின் வரை இயங்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. புலம் குறைவாக இருக்கும் இடத்தில் விலை கூடிய ரெப்கோ டேப்புக்கு (அருமண் உலோகம் கலந்த தாமிர ஆக்சைடு, கீழே வருகிறது) கொட்டிக் கொடுப்பதைவிட இதைப் பரிசீலிப்பது நியாயம்.

பிஸ்மத் கம்பிகள்: 77 கெல்வினில் ஏமாற்றம், 4 கெல்வினில் பலசாலி

பிஸ்மத் கலந்த தாமிர ஆக்சைடான பிஸ்மத்-2223 டேப்புக்கு மாறுநிலை வெப்பநிலை 110 கெல்வின். திரவ நைட்ரஜனில், வெளிப்புலம் இல்லாமல், 4 மி.மீ. அகல டேப் 180 ஆம்பியருக்கு மேல் சுமக்கும். இதை நம்பி 77 கெல்வினில் காந்தம் சுற்ற நினைத்தால் ஏமாற்றம்தான். தாமிர-ஆக்சிஜன் தளங்களுக்கு இடையே பிணைப்பு பலவீனம் என்பதால், சுழல்கள் தளத்துக்குத் தளம் துண்டுதுண்டாகப் பிரிந்து நழுவும். டேப்பின் முகத்துக்குச் செங்குத்தாக 0.2, 0.3 டெஸ்லா விழுந்தாலே மின்னோட்டம் ஏறக்குறைய போய்விடும். அதனால் 77 கெல்வினுக்கு அருகில் இதன் இடம் மின்வடம்: ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014-இல் இயக்கத்துக்கு வந்த 1 கிலோமீட்டர், 10 கிலோவோல்ட் வடம் இந்த டேப்பில் ஆனது. அதே டேப்பை 4.2 கெல்வினுக்கு இறக்கினால் 20 டெஸ்லாவுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும், ஜப்பானில் 1.02 கிகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். காந்தத்தின் உட்சுருள் இதுதான். வெள்ளி உறை மென்மையானது என்பதால், நிக்கல் கலவைப் பட்டை ஒட்டிய வகையையே வாங்க வேண்டும். வெறும் டேப் தாங்கும் இழுவிசை அதில் மூன்றில் ஒரு பங்களவுதான்.

பிஸ்மத்-2212 ஒன்றுதான் உருண்டைக் கம்பியாகக் கிடைக்கும் தாமிர ஆக்சைடு. புலத்தின் கோணம் அதைப் பாதிப்பதில்லை. ஆனால் 890 டிகிரி செல்சியஸில், 50 பார் அழுத்தத்தில், வெப்பநிலை ஓரிரு டிகிரிகூட விலகாமல் சுருளை உலையில் வைக்க வேண்டும். அப்படியோர் உலை உங்களிடம் இல்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

ரெப்கோ டேப்: மிக உயர்ந்த புலம், மிக அதிகக் கவனம்

இட்ரியம் அல்லது காடோலினியம் போன்ற அருமண் உலோகம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்தது. 50 மைக்ரோமீட்டர் ஹாஸ்டெல்லாய் (நிக்கல் கலவை) பட்டை, அதன் மேல் திசையொழுங்குபட்ட இடையடுக்குகள், ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் மீக்கடத்தி, மெல்லிய வெள்ளி, சுற்றிலும் தாமிரம். இத்தனை அடுக்குகள் எதற்கென்றால், இந்தப் பொருளில் படிகமணிகள் சில டிகிரி திரும்பினாலே எல்லையில் மின்னோட்டம் அறுந்துவிடும். கிலோமீட்டர் கணக்கில் ஒரே படிகம்போல் வளர்க்க வேண்டியிருக்கிறது, விலையும் அதற்கேற்றாற்போல்.

77 கெல்வினில் செங்குத்துப் புலம் 1 டெஸ்லா விழுந்தால், வெளிப்புலம் இல்லாத நிலையில் சுமந்ததில் நான்கில் ஒரு பங்கை ஒட்டித்தான் மிஞ்சும். ஆகவே திரவ நைட்ரஜனில் பல டெஸ்லா என்ற ஆசையை இங்கும் விட்டுவிடலாம். 20 கெல்வினிலும் 4.2 கெல்வினிலும் நிலைமை தலைகீழ்: 77-இல் 100 ஆம்பியர் தந்த டேப், 4.2 கெல்வினில் 20 டெஸ்லா செங்குத்துப் புலத்திலும் அதே அளவோ அதற்கு மேலோ தரும். 2017-இல் டல்லஹாசியின் உயர்புலக் காந்த ஆய்வகம் 32 டெஸ்லா எட்டியது. அதில் 15 டெஸ்லா வெளிச்சுருள்களான நயோபியம் கம்பிகளிலிருந்து, 17 டெஸ்லா உள்ளேயிருந்த ரெப்கோவிலிருந்து. 2021-இல் எம்.ஐ.டி. குழு இணைவு உலைக்கான மாதிரிச் சுருளில் 20 டெஸ்லா காட்டியது.

கோணம்தான் இங்கே பெரிய தலைவலி. டேப்பின் தளத்துக்கு இணையான புலம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. முகத்தில் குத்தும் புலம் பாதிக்கும். சோலினாய்டின் நடுவில் புலம் இணையாக ஓடுவதால் தொந்தரவில்லை. இரு முனைகளிலும் கோடுகள் வெளிப்பக்கம் வளைவதால் அங்கேதான் டேப் முதலில் தோற்கும், மொத்தப் புலம் நடுவைவிடக் குறைவாக இருந்தாலும். முனைச் சுருள்களுக்கு அகலமான டேப்போ, வாங்கிய டேப்பின் சிறந்த துண்டுகளோ போடுவது இதனால். பேரியம் சிர்க்கோனேட் நானோ தண்டுகள் சேர்த்த டேப்பில் கோண வளைவு வேறு மாதிரி இருக்கும், அதுவும் வெப்பநிலைக்கு வெப்பநிலை மாறும். விற்பனையாளர் தரும் 77 கெல்வின் எண்ணை வைத்து 20 டெஸ்லா நடத்தையை ஊகிக்கக் கூடாது. ஒரே 77 கெல்வின் எண் கொண்ட இரு டேப்புகள் குளிரில் வெகுவாக வேறுபடலாம்.

அகலம் தரும் தொல்லை இரண்டாவது. எல்.எச்.சி. கம்பியில் இழை 7 மைக்ரோமீட்டர். இங்கே 4 மி.மீ. அகல டேப் முழுவதும் ஒற்றை இழைபோல் நடந்துகொள்ளும். வெளிப்புலத்தை எதிர்த்து அதற்குள்ளேயே சுழலும் மின்னோட்டம், அதாவது திரையோட்டம், மையப் புலத்தைக் குறைக்கும், மணிக்கணக்கில் புலத்தை நகர்த்தும், ஏறும்போதும் இறங்கும்போதும் வெவ்வேறு மதிப்பு காட்டும். மின்னோட்டத்தைக் குறியைவிடச் சில சதவீதம் ஏற்றிப் பிறகு இறக்கி நிறுத்தினால் நகர்வு பெரும்பாலும் அடங்கும். விசையை மட்டும் அப்படி அடக்க முடியாது. சுருளின் சுற்றுவிசையை மின்னடர்த்தி, புலம், ஆரம் மூன்றையும் பெருக்கிக் கணக்கிடுவோம்: சதுர மில்லிமீட்டருக்கு 200 ஆம்பியர், 20 டெஸ்லா, 10 செ.மீ. ஆரம் என்றால் 400 மெகாபாஸ்கல். ஹாஸ்டெல்லாய் இதைத் தாங்கும். திரையோட்டம் டேப்பின் ஒரு விளிம்பில் இதைக் கூட்டி மறு விளிம்பில் குறைப்பதால், சராசரி பாதுகாப்பாகத் தெரிந்தாலும் விளிம்பு நிரந்தரமாக நெளியும். 2019-இல் 45.5 டெஸ்லா தொட்ட சிறு சுருளில், டேப்புகளின் விளிம்பில் இந்தச் சேதம் கண்ணுக்கே தெரிந்தது.

அடுக்குப் பிரிதல் மூன்றாவது. டேப்பை நீளவாக்கில் இழுத்தால் எஃகுபோல் நிற்கும். முகத்துக்குச் செங்குத்தாக உரித்தால் சில பத்து மெகாபாஸ்கலிலேயே அடுக்கு பிரியும். சாதாரண எபாக்ஸியில் முழுக்கி எடுத்தால் குளிரில் அது டேப்பைவிட அதிகம் சுருங்கி அந்த உரிப்பைத் தானே செய்துவிடும். மெழுகு ஏற்றுவதோ, நிரப்புப்பொடி கலந்து சுருக்கத்தைக் குறைத்த எபாக்ஸியைச் சுருளின் பக்கவாட்டில் மட்டும் பூசுவதோ பாதுகாப்பான வழிகள். பற்றவைக்கும்போது 183 டிகிரியில் உருகும் டின்-ஈயமோ 118 டிகிரியில் உருகும் இண்டியம்-டின்னோ போதும். 250 டிகிரிக்கு மேல் நேரம் கடத்தினால் மீக்கடத்தி ஆக்சிஜனை இழக்கும். மீக்கடத்திப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி 5 செ.மீ. மேல்வைத்துப் பற்றவைத்தால் 4 மி.மீ. டேப்பில் 20 நானோ ஓம் அளவு கிடைக்கும். ஒரு டேப்பைத் திருப்பிவைத்துவிட்டால் மின்னோட்டம் ஹாஸ்டெல்லாயைக் கடக்க வேண்டிவரும். தடை பல மடங்காகும்.

க்வென்ச்சில் இதன் குணம் நயோபியத்துக்கு நேர் எதிர். 20 கெல்வினில் தாமிரத்தின் தன்வெப்பம் 4 கெல்வினில் இருப்பதைப் போல எழுபது மடங்கு. வெப்ப இடைவெளியும் பத்து கெல்வினுக்கு மேல். சிறு உரசல் எதுவும் செய்யாது. புதுச் சுருள் முதல் ஏற்றங்களில் காட்டும் பயிற்சி க்வென்ச்சும் கிடையாது. ஆனால் ஓரிடம் உண்மையிலேயே சூடானால் அந்தச் சூடு வினாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில்தான் பரவும். சுருளின் முனையில் மின்னழுத்தம் தெரிவதற்குள் அந்த ஒரு சென்டிமீட்டர் கருகிவிடும். எல்.எச்.சி.யில் 100 மில்லிவோல்ட் வரம்பு வைத்துக் காப்பாற்றுவதுபோல் இங்கே முடியாது. சுற்றுகளுக்கு இடையே காப்பில்லாமல் சுற்றுவது ஒரு வழி: சூடான இடத்தை மின்னோட்டம் பக்கத்துச் சுற்று வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். அதற்கு விலையாக, புலம் மின்னோட்டத்துக்குப் பின்னால் நிமிடக்கணக்கிலோ மணிக்கணக்கிலோ தாமதித்து வரும். அடிக்கடி ஏற்றி இறக்க வேண்டிய காந்தத்துக்கு இது ஒத்துவராது.

ஒரு வழக்கை எடுத்துக்கொண்டால்

100 மி.மீ. துளை, 3 டெஸ்லா, திரவ ஹீலியம் வாங்கும் வசதி இல்லாத ஆய்வகம். பலரும் உடனே ரெப்கோ என்பார்கள். 4 கெல்வின் க்ரையோகூலர் (திரவமில்லாமல் மின்சாரத்தில் குளிர்விக்கும் இயந்திரம்) ஒன்று 7, 8 கிலோவாட் மின்சாரம் எடுத்து 4.2 கெல்வினில் ஒன்றரை வாட் குளிர் தரும். கதிர்வீச்சுக் கவசமும் மின்னோட்ட வழித்தடமும் ஒழுங்காக இருந்தால் நயோபியம்-டைட்டேனியம் சுருளுக்கு அது போதும். எங்கள் தேர்வு அதுவே. புலத்தை நிமிடத்துக்குள் ஏற்றி இறக்க வேண்டும், அல்லது மின்வெட்டு அடிக்கடி வரும் இடம் என்றால் நிலைமை மாறும்: ஏற்றும்போது உண்டாகும் வெப்பத்தை ஒன்றரை வாட் சமாளிக்காது, மின்சாரம் போனால் நயோபியம் சுருள் நிமிடங்களில் க்வென்ச் ஆகும். அப்போது 20 கெல்வினில் பல பத்து வாட் தரும் கூலரும் ரெப்கோவும் சரி. மெக்னீசியம் டைபோரைடுக்கு 3 டெஸ்லாவும் அதற்கு மேல் உள்ளடுக்குப் புலமும் 20 கெல்வினில் இறுக்கமாக இருக்கும். 10, 12 கெல்வினுக்கு இறக்கினால் யோசிக்கலாம்.

எந்தக் கம்பி போட்டாலும், மின்னோட்ட வழித்தடத்தை மறந்துவிடுகிறார்கள். கூலரின் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குப் போகும் வழித்தடம் உயர் வெப்பநிலை மீக்கடத்தியில் ஆனது. காந்தத்தின் சிதறு புலம் அதன் மேலும் விழும். மேல் முனை 70 கெல்வினில் நின்று, 0.3 டெஸ்லா பிஸ்மத் டேப்பின் முகத்தில் குத்தினால், சுருளுக்கு எந்தக் கேடும் வராமலேயே வழித்தடம் எரிந்துபோகும். டேப்பின் தளம் சிதறு புலத்துக்கு இணையாக இருக்கும்படி திருப்பி வையுங்கள். மேல் முனையை 60 கெல்வினுக்குள் பிடித்து வையுங்கள். அங்கே ஒரு வெப்பமானியும், வழித்தடத்தின் இரு முனைகளிலும் மின்னழுத்தக் கம்பிகளும் பொருத்தி, அவற்றையும் மின்வழங்கியின் தானியங்கி நிறுத்தத்தோடு இணையுங்கள்.

திரவ ஹீலியத்தில் வைப்பதாயிருந்தால் ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பநிலையில் 750 லிட்டர் வாயு ஆகும் என்பதைக் கணக்கில் வைத்து வெளியேற்றுக் குழாயை அறைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். ஒரு வாட் வெப்பக் கசிவு மணிக்கு 1.4 லிட்டர் திரவத்தை ஆவியாக்கும்.

கம்பிக்கு ஆர்டர் எழுதும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: உங்கள் இயக்க வெப்பநிலையிலும் உச்சப் புலத்திலும் அளந்த மாறுநிலை மின்னோட்டம் (மீக்கடத்துதிறன் கெடாமல் கம்பி சுமக்கும் உச்ச மின்னோட்டம்), டேப் என்றால் மிக மோசமான கோணத்தில் அளந்த மதிப்பு, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோவோல்ட் என்ற அளவுகோலோடு என்-மதிப்பு (மின்னோட்டத்தின் எத்தனையாவது அடுக்காக மின்னழுத்தம் ஏறுகிறது என்பது). கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மாறுநிலை மின்னோட்டத்தின் 80 சதவீதத்தில் ஓட்டும்போது, என்-மதிப்பு 25 உள்ள கம்பியில் மின்னழுத்தம் அந்த அளவுகோலில் 0.4 சதவீதமே இருக்கும். என்-மதிப்பு 10 என்றால் 11 சதவீதம். கூலரை மட்டும் நம்பியிருக்கும் சுருளில் சில கிலோமீட்டர் நீளத்துக்கு இந்த வித்தியாசத்தைப் பெருக்கிப் பார்த்துவிட்டே விலையை ஒப்பிட வேண்டும்.